தந்தையின் வண்டி

நாம் கையாளும் பொருள்களுள் சில, பயன் தீர்ந்ததும் மறக்கப்படுகின்றன. வேறு சில, பழகப் பழக உறவினர்போல் ஆகிவிடுகின்றன. பழைய மோட்டார் சைக்கிள் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதனை வைத்திருப்பவனை அதன் உடைமையாளன் என்று ஊரார் கூறுவர். என் அனுபவத்தில் அது எனக்கு ஆசிரியனாகவே விளங்கியது. அது கற்பித்த பாடங்களுள் ஒன்றை ஆனைமலைச் சாரலில், அச்சத்தோடும் வெட்கத்தோடும் நான் கற்றுக்கொண்டேன்.

என் தந்தையார் உடுமலைப்பேட்டைப் பகுதியில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றியவர். சிற்றூர்தோறும் செல்லவேண்டிய தொழில் அது. ஆகவே, 1978-ஆம் ஆண்டில் அவர் 'புல்லட்' மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். 'கன்று ஈன முடியாமல் பசு தவிக்கிறது' என்று நள்ளிரவில் ஆள் வந்து நின்றாலும், சிறிது நேரத்தில் அவ்வண்டியின் ஒலி தெருமுனையில் கேட்கும். அந்த ஒலி மீண்டும் வீட்டு வாயிலில் வந்து அடங்கும்வரை என் அன்னையார் கண்ணயர மாட்டார். எங்கள் வீட்டில் அமைதி என்பது அந்த எந்திரத்தின் ஓசை வந்து நின்றபின் நிலவும் அமைதியே ஆகும்.

2009-ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்தார். அதன்பின் வண்டி கொட்டகையில் கேட்பாரற்றுக் கிடந்தது. சக்கரங்கள் காற்றிழந்து தரையில் அழுந்தின. இருக்கையின்மேல் கோழி ஒன்று முட்டையிட்டு அடைகாத்தது. நான்கு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. ஒருநாள் பழைய இரும்பு வாங்குபவர் வந்து விலை பேசினார். அன்னையார் என்னை அழைத்து, "கண்ணு, ஓட்டுவார் இல்லாத வண்டியைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. கொடுத்துவிடு" என்றார். அவர் மனத்துயரம் எனக்குப் புரிந்தது. ஆயினும், "ஒரு மாதம் பொறுத்திருங்கள், அம்மா" என்று கேட்டுக்கொண்டேன்.

அவ்வண்டியின் குலவரலாறு சுவையானது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம், 1932-ஆம் ஆண்டிலேயே 'புல்லட்' என்ற பெயரைத் தன் வண்டிகளுக்குச் சூட்டியது. 1955-ஆம் ஆண்டில் அந்நிறுவனமும் சென்னையிலிருந்த மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி, 'என்ஃபீல்டு இந்தியா' என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. தொடக்கத்தில், இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைச் சென்னையில் பொருத்தி வண்டி ஆக்கினர். பின்னர்த் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலேயே உறுப்புகளையும் செய்யலாயினர். இங்கிலாந்து நிறுவனம் 1970-ஐ ஒட்டித் தன் தொழிலை நிறுத்தியது. திருவொற்றியூரில் மட்டும் உலைகள் அணையவில்லை. 1977-ஆம் ஆண்டில் இங்கிருந்தே இங்கிலாந்துக்குப் புல்லட் வண்டிகள் ஏற்றுமதியாயின. தாய்வீட்டில் அணைந்த விளக்கை மகள் தன் வீட்டிலிருந்து எடுத்துச்சென்று ஏற்றியது போன்றது அது.

உடுமலையில் பழைய வண்டிகளைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் இருந்தார். என் தந்தையார்மீது அவருக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அவர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதைப் பழுதுபார்க்க முதலில் காது வேண்டும், ஸ்பானர் அப்புறம்தான்" என்றார். ஒவ்வொரு மாலையும் அவர் அருகில் அமர்ந்து நானும் வேலை செய்தேன். துருவைத் தேய்த்தேன், மண்ணெண்ணெயில் உறுப்புகளைக் கழுவினேன், எவை எங்கே பொருந்தும் எனக் கற்றேன். கருவிப்பெட்டியைத் திறந்தபோது, அதனுள் கறைபடிந்த துணிகளும், வளைந்த கம்பிகளும், சுருட்டிக் கட்டிய இழைக்கயிறு ஒன்றும் கிடந்தன. அவற்றைக் குப்பை என்று எண்ணி எறிந்துவிட்டுப் பெட்டியைத் துடைத்து வைத்தேன். அச்செயலின் பயனைப் பின்னர்க் கூறுகிறேன்.

அவ்வெந்திரத்தில் ஒரே உருளைதான் உண்டு. அதன் விட்டம் 70 மில்லிமீட்டர். அதனுள் பிஸ்டன் ஏறியிறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். கணக்கில் விருப்பமுள்ள மாணவர்கள் பெருக்கிப் பார்த்தால், 346 கன சென்டிமீட்டர் என்னும் அளவு கிடைக்கும். பிஸ்டன் இரண்டு முறை ஏறியிறங்கினால்தான் ஒரு முறை எரிபொருள் வெடிக்கும். எனவே, நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுகள் சுழலும் எந்திரத்தில் ஐந்நூறு வெடிப்புகளே நிகழ்கின்றன. அதாவது, நொடிக்கு ஏறக்குறைய எட்டு. ஒன்றோடொன்று கலந்துவிடாமல் தனித்தனியே காதில் விழும் இவ்வெடிப்புகளே 'தடதட' என்னும் அந்தப் புகழ்பெற்ற ஒலியாகும். உள்ளே சுழலும் கனத்த சக்கரம் ஒரு வெடிப்புக்கும் மறு வெடிப்புக்கும் இடையே வேகம் தளராமல் காக்கிறது. அதனாலேயே அவ்வண்டி மெதுவாகச் செல்லும்போதும் சோர்வின்றிப் பாரம் இழுக்கிறது.

அதனைக் கிளப்புவதும் ஒரு கலையே. சாவியைத் திருப்பியதும் விளக்கின் மேலுள்ள அம்மீட்டர் முள்ளை நோக்கவேண்டும். மிதியை மெல்ல அழுத்திவர, ஒரு பக்கம் சாய்ந்த முள் நடுவே வந்து நிற்கும். அப்போது இடக்கையிலுள்ள சிறு நெம்பை இழுத்தால், உருளையில் அடைபட்ட காற்று வெளியேறும். மிதியை இன்னும் சிறிது நகர்த்தி, நெம்பை விட்டுவிட்டு, ஒரே மூச்சில் உதைத்தல் வேண்டும். முறைப்படி செய்தால் வண்டி முதல் உதையிலேயே உயிர்பெறும். அவசரப்பட்டாலோ, மிதி திருப்பி உதைத்துக் கணுக்காலை வீங்கச் செய்யும். பொறுமையின் பெருமையைப் பல நூல்களில் நான் படித்ததுண்டு. ஆயினும், அதனை என் மனத்தில் நன்கு பதியவைத்தது அந்த மிதியே.

ஒரு மாதம் நிறைந்த அன்று மாலை வண்டி கிளம்பிற்று. ஒலி கேட்டு அன்னையார் அடுக்களையிலிருந்து விரைந்து வந்தார். வாயிற்படியில் நின்றவர் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே சென்றுவிட்டார். அதன்பின், விற்பதைப்பற்றி அவர் பேசவே இல்லை.

பழைய வண்டியில் நெடுந்தொலைவு செல்வதன் இன்பம் தனிப்பட்டது. மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்குமேல் அதனை விரட்ட மனம் வராது. ஆகவே, வழியிலுள்ளவை எல்லாம் நம்மோடு பேசுகின்றன. காரில் செல்பவனுக்கு நெல்வயல் ஒரு காட்சி. இவ்வண்டியில் செல்பவனுக்கோ அது குளிர்ச்சி, மணம், தவளையின் குரல். தேநீர்க் கடையில் நின்றால் யாரேனும் ஒருவர் அருகில் வந்து, 'எங்கள் அப்பாவும் இதே வண்டிதான் வைத்திருந்தார்' என்று பேச்சைத் தொடங்குவார். புதிய வண்டி பொறாமையைத் தேடித்தருதலும் உண்டு. பழைய வண்டி நண்பர்களையே தேடித்தருகிறது.

2014-ஆம் ஆண்டில் ஒருநாள் அன்னையார், "வால்பாறைக்கு என்னை ஒருமுறை அழைத்துக்கொண்டு போகிறாயா? உங்கள் அப்பா என்னை முதன்முதலில் அழைத்துச் சென்ற மலை அது" என்று கேட்டார். மறுவாரமே புறப்பட்டோம். இருவரும் தலைக்கவசம் அணிந்துகொண்டோம். பொள்ளாச்சியைக் கடந்து ஆழியாற்றை அடைந்ததும் மலைப்பாதை தொடங்குகிறது. அதில் நாற்பது கொண்டையூசி வளைவுகள் உண்டு. ஒன்பதாம் வளைவில் நின்று, கீழே கண்ணாடிபோல் கிடந்த ஆழியாற்று நீர்த்தேக்கத்தைக் கண்டோம். பாறைச் சரிவில் வரையாடுகள் அஞ்சாமல் மேய்ந்துகொண்டிருந்தன. மேலே செல்லச் செல்லக் காற்றுக் குளிர்ந்தது. தேயிலைத் தோட்டங்கள் பச்சைக் கம்பளமாய் விரிந்தன. அன்னையார் என் தோளைப் பற்றியவாறு, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கண்டவற்றை ஒவ்வொன்றாய்க் கூறிக்கொண்டே வந்தார்.

பிற்பகலில் திரும்பினோம். பாதி மலை இறங்குமுன் மூடுபனி சூழ்ந்தது. வளைவு ஒன்றில் கியரை மாற்றக் கிளட்சைப் பிடித்தேன். 'பட்' என்று ஓர் ஓசை. நெம்பு உயிரற்றுத் தொங்கியது. கிளட்ச் இழைக்கயிறு அறுந்துவிட்டது. வண்டியை ஓரமாய் நிறுத்தினேன். ஒரு வாரமாகவே அந்நெம்பு சற்று இறுகியிருந்ததை நான் அறிவேன். 'ஓர் இழை அறுந்ததும் மாற்றிவிடு, தம்பி. மற்றவை காத்திருக்க மாட்டா' என்று முதியவர் எச்சரித்ததும் நினைவுக்கு வந்தது. நாளை பார்ப்போம் என்று நாள் கடத்தியவன் நானே.

"கவலைப்படாதே, கண்ணு. கருவிப்பெட்டியில் ஒன்று சுருட்டி வைத்திருப்பாரே உங்கள் அப்பா!" என்றார் அன்னையார்.

என் நெஞ்சு திடுக்கிட்டது. குப்பை என்று நான் எறிந்தது எதுவென்று அப்போதுதான் அறிந்தேன். தலைகுனிந்து உண்மையைச் சொன்னேன். அன்னையார் என்னைச் சினந்துகொள்ளவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று.

அது யானைகள் நடமாடும் காடு. இருட்டுமுன் இறங்கியாகவேண்டும். அவ்வேளையில் பொள்ளாச்சி செல்லும் அரசுப் பேருந்து ஒன்று வந்தது. ஓட்டுநர் எங்கள் நிலையைக் கேட்டறிந்து, "அம்மாவை ஏற்றிவிடுங்கள், நான் மெதுவாகப் போகிறேன். என் விளக்கைப் பார்த்துக்கொண்டே பின்னால் வாருங்கள்" என்றார். அன்னையார் ஏறியபின், நான் அச்சத்தோடு வண்டியில் அமர்ந்தேன்.

கிளட்ச் இன்றி ஓட்டுவது எவ்வாறு என்று தந்தையார் சிறுவயதில் எனக்கு ஒருமுறை கூறியிருந்தார். 'சக்கரத்தின் வேகமும் எந்திரத்தின் வேகமும் ஒத்துவந்தால், பல்லோடு பல் தானே பொருந்தும்' என்பது அவர் வாக்கு. எந்திரத்தைக் கிளப்பி, நடுநிலையில் சரிவிலே சிறிது உருளவிட்டேன். ஓசையைக் கூர்ந்து கேட்டு, ஏற்ற நொடியில் இரண்டாம் கியரை மெல்ல அழுத்தினேன். முனகலின்றிப் பொருந்திற்று. பிரேக்கையே ஓயாமல் அழுத்தினால் அது சூடேறி வலுவிழக்கும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எந்திரமே வேகத்தைத் தடுத்து நிறுத்தும். நிற்கவேண்டிய இடங்களில், கியரை நேரே நடுநிலைக்குக் கொண்டுவரும் சிறு மிதி பேருதவி புரிந்தது. அப்பழைய வண்டியை அமைத்தவர்கள் முன்னறிவோடு வைத்த மிதி அது. மூடுபனியினூடே பேருந்தின் சிவப்பு விளக்கு எனக்கு வழிகாட்டிற்று. ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, நான் வந்து சேர்ந்தபின்னரே மேற்சென்றார்.

ஆழியாற்றை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அன்னையார் பேருந்திலிருந்து இறங்கி, தேநீர்க் கடை வாயிலில் காத்துநின்றார். என்னைக் கண்டதும், "வளைவுக்கு வளைவு சத்தம் கேட்டுக்கொண்டே வந்தேன். அந்தக் காலத்தில் கேட்டதுபோலவே இருந்தது" என்றார். ஒரு கணம் நின்று, "காதோடு சேர்த்து, அவர் கவனத்தையும் நீ கற்றுக்கொள்ளவேண்டும்" என்று மொழிந்தார். நான் நன்றி கூறத் திரும்பினேன். பேருந்து அதற்குள் புறப்பட்டுவிட்டது. அவ்வோட்டுநரின் பெயரைக்கூட நான் கேட்டறியவில்லை.

அன்றுமுதல் என் வண்டியின் கருவிப்பெட்டியில் புதிய இழைக்கயிறு ஒன்று எப்போதும் சுருண்டு கிடக்கிறது. ஞாயிறுதோறும் காலையில் நட்டுகளை முடுக்கி, சங்கிலிக்கு எண்ணெயிட்டு, கயிற்றின் ஒவ்வோர் இழையையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். புகை மிகாமல் எந்திரத்தைச் சீராக வைத்துக்கொள்வதும் என் கடமை எனக் கொண்டுள்ளேன்.

இளைஞர்களே! பதினெட்டு வயது நிரம்பி, உரிமம் பெற்று, உங்களுள் பலர் வண்டி ஓட்டும் காலம் வரும். உங்களுக்கு வாய்ப்பது புதிய வண்டியாகவும் இருக்கலாம்; மின்சாரத்தால் ஓசையின்றி ஓடுவதாகவும் இருக்கலாம். எதுவாயினும், அது சிறிய குரலில் கூறும் குறையைக் கேட்கப் பழகுங்கள். முன்னோர் சேர்த்துவைத்த பொருள் ஒன்று உங்களுக்குக் குப்பையாகத் தோன்றினால், அதனை எறியுமுன், அது ஏன் அங்கே வைக்கப்பட்டது என்று ஒருமுறை கேளுங்கள். நான் கேட்கத் தவறியதனால், மூடுபனி சூழ்ந்த மலைச்சரிவில் அதற்கு விடை கிடைத்தது.