காய்ச்சல் காத்திருக்காது



பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நம் வீடுகளில் எவரும் பெரிதாகப் பதறுவதில்லை. ஒரு மாத்திரை, சிறிது கஞ்சி, ஒரு நாள் பள்ளி விடுப்பு. மறுநாள் பிள்ளை தெருவில் விளையாடும். ஆனால், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தையின் காய்ச்சல் அத்தகையதன்று.

1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றிய காலத்தில், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைக்கு நம்பிக்கை கூற வழியில்லை. இன்றோ முழுமையாகக் குணமடையும் குழந்தைகள் ஏராளம். ஆயினும், புற்றணுக்களை அழிக்கும் மருந்து, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களையும் சேர்த்தே அழித்துவிடுகிறது. அவற்றுள் முக்கியமான நியூட்ரோபில் அணுக்கள் ஒரு மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் 500க்கும் கீழே இறங்கினால் ஆபத்து. அப்போது சீழோ வீக்கமோ தோன்றாமலேயே கிருமி பரவக்கூடும். பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றே அதன் அறிகுறி.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் என் தங்கை மகனின் எட்டு வயது மகளுக்கு இந்நோய். ஓர் இரவு அவள் உடல் கொதித்தது. "விடியட்டும், போகலாம்" என்றார் வீட்டுப் பெரியவர். தாயோ மறுத்துவிட்டு, அப்போதே வாடகைக் காரில் கோவைக்கு விரைந்தாள். மருத்துவர்கள் கல்ச்சர் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக் மருந்தை ஏற்றினர். மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்தது. கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை. "அத்தா, எனக்கு வந்தது என்ன கிருமி?" என்று சிறுமி கேட்டாள். தந்தையிடம் பதில் இல்லை; மருத்துவரிடமும் இல்லை. பீஸ் ரேட்டில் உழைக்கும் அவருக்கு அந்த வாரம் கூலியும் இல்லை.

இக்குழந்தைகளுள் பெரும்பாலோருக்கு இதே நிலைதான். பாக்டீரியாவா, வைரஸா என்று தெரியாமலேயே அனைவருக்கும் ஆன்டிபயாடிக் தரவேண்டியிருக்கிறது.

இதற்கு விடைகாண விஞ்ஞானிகள் புதுவழி தேடுகின்றனர். கிருமியைத் தேடாமல், உடலின் எதிர்ப்பைக் கேட்பதே அவ்வழி. நம் ஊர் உவமையே சொல்கிறேன். ஒரு கம்பெனியில் எல்லா மெஷின்களும் இருக்கும். வாசலில் நின்று எந்த மெஷின் ஓடுகிறது என்று கேட்டாலே, உள்ளே என்ன ஆர்டர் நடக்கிறது என்று அனுபவசாலி சொல்லிவிடுவார். அதுபோல நம் அணுக்களில் பெரும்பாலானவற்றில் எல்லா மரபணுக்களும் உண்டு. வைரஸ் நுழைந்தால் சில மரபணுக்கள் முடுக்கிவிடப்படும். பாக்டீரியா நுழைந்தால் வேறு சில. இரத்தத்திலுள்ள ஆர்.என்.ஏ.வை அளந்தால் அது தெரியும். காய்ச்சல் கண்ட குழந்தைகளிடம் இரண்டே மரபணுக்களைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய முடியும் என்று லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டனர்.

ஆனால், புற்றுநோய்க் குழந்தையின் இரத்தம், ஆட்கள் வராத கம்பெனியைப் போன்றது. ஓடும் மெஷின்களே குறைவு; ஓசையும் மெலிது. அந்த மெல்லிய ஓசையையும் பிழையின்றிக் கேட்க வழியுண்டா என்பதே ஆராய்ச்சியாளர்கள் முன்னுள்ள கேள்வி. வழி பிறந்தால், தேவையற்ற மருந்தும், மருத்துவமனை நாட்களும், தகப்பனின் கூலியிழப்பும் குறையும்.

தாய்மார்களே! அந்த நாள் வரும்வரை நம் கையில் இருப்பது நேரம் ஒன்றுதான். சிகிச்சையிலுள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், மருத்துவரைக் கேளாமல் காய்ச்சல் மாத்திரை தராதீர்கள். அது அபாய அறிகுறியை மறைத்துவிடும். நள்ளிரவாயினும் புறப்படுங்கள். மருத்துவமனைத் தொலைபேசி எண்ணையும், சிகிச்சைக் கோப்பையும், வழிச்செலவுக்கான பணத்தையும் எப்போதும் ஒரே பையில் வைத்திருங்கள். அண்டை வீட்டில் அத்தகைய பிள்ளை இருந்தால், வண்டி ஏற்பாடு செய்வதும், மற்றக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதும் நம் கடமையல்லவா?