வைத்திருப்பவர் வாய்ச்சொல்

விலையுயர்ந்த பொருள் ஒன்றை வாங்க நினைப்பவர், அதை ஏற்கெனவே வைத்திருப்பவரைத் தேடிப் போய் அபிப்பிராயம் கேட்பது உலக வழக்கம். விற்பவன் சொல்லில் லாபம் கலந்திருக்கும். பத்திரிகையில் விமர்சனம் எழுதுபவரோ சில வாரங்கள் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வைத்திருப்பவர் தம் பணத்தைப் போட்டவர். அன்றாடம் அப்பொருளோடு புழங்குகிறவர். அவரினும் மேலான சாட்சி ஏது என்று எவருக்கும் தோன்றும்.

ஆனால் ரயில்வேயில் சரக்கு இழப்பீட்டுப் பிரிவில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு இதில் சற்று வேறான அனுபவம் உண்டு. மூட்டையைப் பறிகொடுத்தவர் எழுதித் தரும் விலைக்கும் இன்வாய்ஸில் காணும் விலைக்கும் பல சமயம் பொருத்தம் இராது. அவர் பொய்யர் அல்லர். தம்முடையது என்றதும் அது அவர் கண்ணுக்குப் பெரிதாகிவிடுகிறது. அதே மனிதரிடம் மூட்டைகள் எத்தனை, எந்தக் கயிற்றால் கட்டியவை, எந்த மூலை நனைந்திருந்தது என்று கேட்டுப் பாருங்கள். இம்மி பிசகாமல் சொல்வார். இந்த வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் சென்ற வருஷம் ஓர் ஆம்பிளிஃபயரைப் பற்றி விசாரிக்கக் கிளம்பினேன்.

காரணம் என் தங்கை. டோம்பிவிலியில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வாடகை வீட்டில் குடியிருக்கிறாள். அவள் கணவருக்குச் சங்கீதம் என்றால் உயிர். பத்லாபூரில் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டுவதற்காக இருவரும் ஏழு வருஷம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த தொகை பாங்கியில் இருந்தது. அதிலிருந்து நான்கு லட்சத்தை எடுத்து, யாரோ ஒருவர் விற்க முன்வந்த மக்கின்டாஷ் எம்.சி. 275 என்னும் பவர் ஆம்பிளிஃபயரை வாங்கியே தீருவது என்று மாப்பிள்ளை நின்றார். தங்கை சண்டை போடவில்லை. “அண்ணா, அதை வைத்திருக்கிறவர்களை நீங்களே போய்ப் பார்த்துக் கேட்டுவிட்டு வாருங்கள். நல்லது என்று நீங்கள் சொன்னால் நான் குறுக்கே நிற்கவில்லை” என்றாள். இப்படி ஒரு பாரத்தைத் தலையில் ஏற்றிவிட்டால் மனிதன் எப்படித் தூங்குவது?

சாமான் இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒலிபெருக்கி என்று நாம் சொல்லும்போது, திருவிழாவில் மரத்தில் கட்டும் குழாயும் அதில் அடங்கும். அதற்குப் பின்னால் இருக்கும் பெட்டியும் அடங்கும். நான் சொல்வது பெட்டியை. ரிகார்டிலிருந்தோ சி.டி.யிலிருந்தோ வரும் மெல்லிய மின்சாரத்தை, ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் அளவுக்கு வலுவாக்கித் தருவது அதன் வேலை. எம்.சி. 275 அமெரிக்காவில் 1961-ல் வெளிவந்தது. டிரான்ஸிஸ்டர் அல்ல, வால்வு. இடம் வலம் இரண்டுக்கும் தலைக்கு 75 வாட். கே.டி. 88 என்னும் பெரிய வால்வுகள் நான்கும், அவற்றின் பின்னே கனத்த டிரான்ஸ்ஃபார்மர்கள் மூன்றுமாக, மொத்த எடை சுமார் 30 கிலோ. 1973-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். 1993-ல் மறுபடி செய்தார்கள். அறுபது வருஷத்துக்குப் பிறகும் கேட்பார் உள்ள சாமான் என்றால் அதன் அமைப்பில் ஏதோ ஒரு நேர்மை இருக்கத்தான் வேண்டும்.

செம்பூரில் ஒரு பெரியவர் இருக்கிறார். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருஷங்களுக்கு முன் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் இதைப் பழையதாக வாங்கி வந்தவர். “பாடுகிறவர் மூச்சு வாங்குவது காதில் விழுகிறது, தம்பி. வேறு எதிலும் விழாது” என்றார். வேறு எதில் கேட்டுப் பார்த்தீர்கள் என்றேன். பத்து வருஷத்துக்கு முன் ஒரு நண்பர் வீட்டில், வேறு ஸ்பீக்கரில், வேறு ரிகார்டில். அந்தச் சாட்சியத்தை அத்துடன் நிறுத்திக்கொண்டு, கயிறும் நனைந்த மூலையுமான கேள்விகளுக்கு வந்தேன். பெரியவர் உடனே துல்லியமானவராகிவிட்டார். பாட்டு ஓடாமல் சும்மா இருக்கும்போதே சுமார் 200 வாட் மின்சாரம் இழுக்கும். தினம் நான்கு மணி நேரம் கேட்டால் மாதம் 24 யூனிட். மே மாதத்தில் மின்விசிறிக்கும் இதற்கும் போட்டி. வால்வுகள் சில ஆயிரம் மணி நேரத்தில் தளர்ந்துவிடும். நான்கையும் ஒத்த குணமுள்ளவையாகப் பார்த்து ஒன்றாக மாற்ற வேண்டும். அவருடையது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்க இங்கே வாங்கிய தனிப் பெட்டி இராத்திரியில் வண்டு போல் ரீங்காரம் செய்கிறது. இவ்வளவையும் சிரித்துக்கொண்டே சொன்னார். ஒன்றைக்கூட அவர் குறையாக நினைக்கவில்லை.

மாதுங்காவில் ஒரு டாக்டர் புதிய பதிப்பை வைத்திருக்கிறார். திரை விலகி வித்வான் நேரே வந்து உட்கார்ந்தாற்போல் இருக்கிறது என்றார். ஆங்கிலப் பத்திரிகைகளில் மாதம் ஒரு முறை அந்தத் திரை விலகும் என்று அவர் மகனே சிரித்தான். லாமிங்டன் ரோட்டில் பழுது பார்க்கும் ஒரு கிழவரிடமும் கேட்டேன். எந்தப் பெட்டி திரும்ப என் மேஜைக்கு வரவில்லையோ அது நல்ல பெட்டி என்று ஹிந்தியில் ஒரே வரியில் முடித்துக்கொண்டார். மற்ற இருவரும் சொன்னதைவிட அது எனக்கு அதிகம் உதவியது.

டாக்டரின் மகன் எஞ்சினியரிங் படிக்கிறான். அவன்தான் பரீட்சை வைத்துப் பார்க்கலாம் என்றான். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் அவன் சொன்ன முறை எனக்கு நன்றாகப் புரிந்தது. இரண்டு ஆம்பிளிஃபயர்களில் ஒன்று சிறிதளவு உரத்து ஒலித்தாலும், காது அதை உரப்பு என்று அறியாது. தெளிவு என்று நினைத்துக்கொள்ளும். ஒரு டெசிபல் போதும். ஆகவே முதலில் ஒரே சீரான ஒலியைச் செலுத்தி, ஸ்பீக்கரின் முனைகளில் வோல்ட் மீட்டரை வைத்து, நூற்றில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இல்லாதபடி இரண்டையும் சமன் செய்தான். ஒரு பக்கம் டாக்டரின் மக்கின்டாஷ். மறு பக்கம் அவனுடைய அறையில் கிடந்த சாதாரண டிரான்ஸிஸ்டர் ஆம்பிளிஃபயர். நடுவே ஒரு படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டினான். எம்.டி. ராமநாதனின் கனத்த கீழ்ஸ்தாயிக் குரலை மாப்பிள்ளையே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். எது பாடுகிறது என்று 16 முறை சொல்ல வேண்டும். காசைச் சுண்டிப் போட்டாலே சுமார் 8 சரியாக வரும்; 12 வந்தால்தான் காது உண்மையில் கண்டுபிடித்தது என்று ஓரளவு நம்பலாம். மாப்பிள்ளைக்கு 9 வந்தது. டாக்டர் பரீட்சைக்கு உட்காரவில்லை. “எனக்குத்தான் தெரியுமே” என்று சொல்லிக் காபி கொண்டுவர உள்ளே போய்விட்டார்.

இது ஏதோ மாதுங்காவில் மட்டும் நடந்த அதிசயம் என்று நேயர்கள் எண்ண வேண்டாம். 1987-ல் ‘ஸ்டீரியோ ரெவ்யூ’ என்னும் அமெரிக்கப் பத்திரிகை பல விலைகளில் உள்ள ஆம்பிளிஃபயர்களை இவ்வாறே மறைத்து வைத்துச் சோதித்தது. கேட்டவர்களால் நம்பத்தக்க அளவில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதற்கு முன் 1985-ல் பாப் கார்வர் என்பவர், ‘ஸ்டீரியோஃபைல்’ பத்திரிகையார் மெச்சிய ஒரு விலையுயர்ந்த வால்வு ஆம்பிளிஃபயரைப் போலவே ஒலிக்கும்படி தம் மலிவான டிரான்ஸிஸ்டர் ஆம்பிளிஃபயரை மாற்றிக் காட்டினார். இரண்டின் வித்தியாசத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்டு, அது ஏறக்குறைய மறையும் வரை திருத்திக்கொண்டே போனார். இதில் ஒரு நுட்பம் உண்டு. திருத்த வேண்டியிருந்தது என்றால் முதலில் வித்தியாசம் இருந்தது என்றுதானே பொருள்? வால்வு ஆம்பிளிஃபயர்களில் சில, ஸ்பீக்கருக்குத் தக்கபடி ஒலியைச் சற்றே வளைப்பது மெய். எல்லாப் பெட்டியும் ஒன்றே என்று அடித்துச் சொல்ல நான் வரவில்லை.

வாட் கணக்கிலும் ஒரு மயக்கம் உண்டு. வாட்டை இரட்டித்தால் ஒலி இரட்டிப்பதில்லை; 3 டெசிபல்தான் கூடுகிறது. இரு மடங்கு உரத்ததாகக் காதுக்குத் தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும். சாதாரண ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு டோம்பிவிலி அறையில், அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டாத அளவில் கேட்க ஒரு வாட்டே பெரும்பாலும் போதும். மிருதங்கத் தனியில் சில வாட் வேண்டியிருக்கும். மீதி 70 வாட் வெறுமனே உட்கார்ந்திருக்கும்.

திரும்பி வரும் ரயிலில் தாணா வரும்வரை மாப்பிள்ளை பேசவில்லை. பிறகு, “மச்சான், சத்தம் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வால்வு வெளிச்சத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் எழுந்துபோக மனம் வரவில்லையே, அதை எந்த மீட்டரால் அளப்பீர்கள்?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை; இன்றும் இல்லை. அதையும் சேர்த்தே தங்கையிடம் சொன்னேன். கேட்டவர்கள் புகழ்ந்ததை ஒரு பக்கமும், எடை, சூடு, மின்சாரம், வால்வுச் செலவு ஆகியவற்றை மறு பக்கமும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் முதல் பக்கத்தைப் படிக்கவே இல்லை. “சுடுகிற கண்ணாடியா? நாலு வயசுப் பையன் கைக்கு எட்டாமல் இந்த அறையில் எங்கே வைப்பது?” என்று மட்டும் கணவரைக் கேட்டாள். அவர் சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

பத்லாபூருக்கு முன்பணம் கட்டியாயிற்று. லாமிங்டன் ரோட்டில் 9,000 ரூபாய்க்கு ஒரு பழைய டிரான்ஸிஸ்டர் ஆம்பிளிஃபயர் வாங்கி அலமாரியின் மேல் வைத்திருக்கிறார்கள். இதுவரை கிழவரின் மேஜைக்கு அது திரும்பிப் போகவில்லை. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, கையில் இரண்டு ரிகார்டுகளோடு செம்பூர்ப் பெரியவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். பெரியவரும் இப்போதெல்லாம் அவர் வந்த பிறகுதான் ஸ்விட்சைப் போடுகிறாராம். கேட்டால், மின்சாரச் செலவு என்கிறார்.