ஐந்தாவது சாட்சி

கணிப்பொறிக்கும் நமக்கும் உள்ள உறவு தட்டச்சு செய்வதோடும் மதிப்பெண் ஏற்றுவதோடும் முடிந்துவிடும். ஆயினும் கணிப்பொறித் துறை நண்பர் ஒருவர் தேநீர் வேளையில் எழுப்பிய வினா நம்மைப் பல நாட்கள் விடவில்லை. பல செயலிகள் சேர்ந்தியங்கும் அமைப்பில் ஒன்று பழுதுபடுகிறது. எது என்று அறிய ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சோதிக்கலாம். சோதிக்கும் செயலியே பழுதானதாக இருந்தால்?

இவ்வினாவை 1967இல் பிரெபராட்டா, மெட்ஸே, சியென் என்னும் மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எடுத்துக்கொண்டனர். அவர்கள் கொண்ட விதி எளியது. நல்ல செயலியின் தீர்ப்பு எப்போதும் சரியாகவே இருக்கும். பழுதான செயலியின் தீர்ப்போ சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். அதை நம்பவும் இயலாது. நேர்மாறாகக் கொள்ளவும் இயலாது.

செயலிகள் இரண்டே எனில் வழக்கு தீராது. ஒன்றை ஒன்று குற்றம் சாட்டினால் யார் சொல்வதைக் கேட்பது? மூன்று இருப்பின், பழுது ஒன்றுக்கு மேல் இல்லை என்னும் உறுதியும் இருப்பின், வழி பிறக்கிறது. அ என்பது ஆவையும், ஆ என்பது இயையும், இ என்பது அவையும் சோதிப்பதாகக் கொள்வோம். 'இ நல்லது' என்கிறது ஆ. 'அ பழுது' என்கிறது இ. இ பொய் சொல்கிறது என்றால், அதை நல்லது என்ற ஆவும் பழுதாக வேண்டும். பழுது ஒன்றே என்பதால் அது பொருந்தாது. ஆகவே குற்றவாளி அ. அ தன் பங்குக்கு ஆவைப் பற்றி என்ன சொன்னாலும் தீர்ப்பு மாறாது. இரண்டு பழுதுகள் வரை கண்டறிய ஐந்து செயலிகளாவது வேண்டும், மூன்றுக்கு ஏழு. சுருங்கச் சொன்னால், நல்லோர் எண்ணிக்கை எப்போதும் மிகுந்திருக்க வேண்டும்.

பெரும்பான்மையின் பக்கமே மெய் என்று இதனால் தேறிவிடலாமா? 1981ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் நிகழ்ந்ததைப் பார்ப்போம். கொலம்பியா விண்ணோடம் முதன்முறையாகப் புறப்பட இருந்தது. அதில் ஐந்து கணினிகள் இருந்தன. நான்கில் ஒரே நிரல் ஓடியது. ஐந்தாவதில் வேறொரு நிறுவனத்தார் தனியே எழுதிய நிரல். புறப்பாட்டுக்குச் சில நிமிடங்களே இருக்கையில் ஐந்தாவது கணினி மற்ற நான்கோடு இசைய மறுத்தது. பயணம் தள்ளி வைக்கப்பட்டது. வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் நாலுக்கு ஒன்று என்று ஐந்தாவது தோற்றிருக்கும். ஆராய்ந்தபோது, நான்கும் இயங்கத் தொடங்கிய கணத்திலேயே அவற்றின் நேரக்கணக்கில் ஒரு நுண்ணிய பிசகு நேர்ந்திருந்தது தெரியவந்தது. ஒரே நிரல் ஆதலால் நான்கும் ஒருமித்துப் பிசகியிருந்தன. விண்ணோடம் ஏப்ரல் 12 அன்று புறப்பட்டது.

சுவடிகளோடு பழகியவர்க்கு இது புதிதன்று. பத்துச் சுவடிகள் ஒரே பாடத்தைக் காட்டலாம். பத்தும் ஒரே மூல ஏட்டைப் பார்த்துப் படியெடுக்கப்பட்டவை எனில் அவை பத்துச் சாட்சிகள் ஆகா. ஒரு சாட்சியின் பத்துக் குரல்களே. வேறு ஊரில், வேறு மரபில் வந்த ஒற்றைச் சுவடிக்கு அங்கே தனி மதிப்பு உண்டு.

அப்படியானால் தனித்து நிற்பதெல்லாம் மெய்யா? அதுவும் இல்லை. 2021இல் பேஸ்புக் நிறுவனப் பொறியாளர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. சுருக்கி வைத்த கோப்புகளை விரிக்கையில் சில கோப்புகள் காணாமற்போயின. தேடித்தேடிச் சென்றவர்கள் ஒரு செயலியின் ஒரே ஒரு கருவில் வந்து நின்றார்கள். 1.1ஐ 52 முறை தன்னோடு பெருக்கி முழு எண்ணாக்கச் சொன்னால் அது 142 என்று சரியாகவே சொல்லும். 53 முறை என்றால் 156 என்பதற்குப் பதில் சுழியம் என்றது. கோப்பின் அளவு சுழியம் என்று வந்ததால் அது விரிக்கப்படவே இல்லை. பிழைச்செய்தி எதுவும் எழவில்லை. இங்கே தனித்து நின்றதே பொய்யுரைத்தது.

இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது நம் நினைவு விடைத்தாள்களின்பால் சென்றது. முதுகலைத் தாளை இருவர் திருத்துவர். வேறுபாடு மிகுந்தால் மூன்றாமவரிடம் போகும். மூன்றில் நெருங்கிய இரண்டு மதிப்பெண்கள் கொள்ளப்படும். விலகி நிற்பது கைவிடப்படும். பெரும்பாலும் இம்முறை நன்றே செய்கிறது. ஆனால் ஒரு மாணவி குறுந்தொகைத் தலைவியின் கூற்றில் ஆற்றாமையைக் காணாமல் சினத்தைக் காண்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே உரையைப் படித்து வளர்ந்த இருவர் குறைத்திடுவர். பாட்டையே திரும்பப் படித்த ஒருவர் கூட்டியிடுவார். தள்ளுபடியாவது எவருடைய மதிப்பெண் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த எண்ணைக் கொண்டுதான் அவள் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

விலகி நின்றவர் கவனமின்றித் திருத்தியவராகவும் இருக்கலாம். அந்தக் கருவைப் போல், மற்றெல்லா வினாக்களையும் செம்மையாகத் திருத்தி ஒன்றில் மட்டும் சறுக்கியிருக்கலாம். எண்களைப் பார்த்து இதை அறிய வழியில்லை. பொறியாளர்கள் அந்த 53ஐக் கண்டடைந்தது கணக்கை மீண்டும் மீண்டும் போட்டுப் பார்த்துத்தான்.

தலைமைத் தேர்வாளராக அமரும் நாட்களில் நாம் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மதிப்பெண்கள் வெகுவாக விலகினால், கூட்டலைச் சரிபார்த்ததும் விடையை முதலிலிருந்து படிக்கிறோம். ஐயம் எழுந்தால் பாட்டையும் எடுத்துப் பார்க்கிறோம். தாளொன்றுக்குப் பத்து நிமிடம் கூடுதலாகிறது. ஆகட்டும்.