எத்தனை அடி உயரத்துலேர்ந்து போடணும்ப்பா?

திமாப்பூருக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. தங்கமணியும் பையனும் திருச்சியில். அவனுக்கு ப்ளஸ் டூ. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு போன். "அக்கவுண்டன்சி டெஸ்ட் என்னாச்சு?" என்பேன். "ம்" என்பான். அதோடு சரி.

காலாண்டு லீவுக்கு இரண்டு பேரும் இங்கே வந்தார்கள். பையன் லேப்டாப்பில் இரண்டாம் உலகப் போர் விளையாட்டு ஒன்றில் மூழ்கியிருந்தான். கோஹிமா முற்றுகை. டகோட்டா விமானத்திலிருந்து சரக்கு போட வேண்டும். உயரத்தை நாம்தான் குறிக்க வேண்டும். 10,000 அடி என்று கொடுத்திருந்தான். "தாழப் போனா சுட்டுடுவான்ப்பா." பாதி சரக்கு போய்ச் சேரவில்லை. உடனே 1,000 என்று மாற்றினான். "டேய், கோஹிமாவே கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 4,700 அடிடா. இது தரையிலேர்ந்தா, கடல்லேர்ந்தா?" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான் :-)

1944 ஏப்ரலில் நிஜமாகவே இதே தலைவலிதான். மலைமுகட்டில் சுமார் 2,500 பேர். சுற்றிலும் ஜப்பானியரின் ஒரு டிவிஷன். குடிதண்ணீரைக்கூட வானத்திலிருந்துதான் போட்டார்கள். உயரம் கூடினால் காற்று பொதியை அடித்துக்கொண்டு போய்விடும். ரொம்பக் குறைந்தால் பாராசூட் விரிய நேரமிருக்காது. அதனால் தரையிலிருந்து சில நூறு அடிதான். அரிசி மூட்டையைச் சாக்குக்குள் சாக்காகக் கட்டி, பாராசூட் இல்லாமலே இன்னும் தாழ வந்து உருட்டிவிடுவார்கள். அப்படியும் சில பொதிகள் ஜப்பானியர் பக்கம் விழுந்தன, மோர்ட்டார் குண்டுகள் உட்பட.

எனக்குப் பிடித்தது கணக்கு. பட்டு பாராசூட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, தளபதி ஸ்லிம்மின் ஆட்கள் கல்கத்தா சணல் ஆலைகளைப் பிடித்து 'பாராஜூட்' செய்தார்கள். பட்டு என்றால் 20 பவுண்டு, சணல் என்றால் சுமார் 1 பவுண்டு. நூற்றுக்கு 85 பங்கு வேலை செய்யும். 15 சதவீதம் வாராக்கடன் என்றால் எங்கள் வங்கியில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்!

மறுநாள் கோஹிமா போனோம். போர்க் கல்லறையில் 1,400-க்கும் மேற்பட்ட கல்லறைகள். தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனியாக ஒரு நினைவிடம். இரண்டு படைகளும் எதிரெதிரே நின்று சண்டையிட்ட டென்னிஸ் மைதானத்தின் கோடுகள் இன்னும் இருக்கின்றன. பையன் நடந்து அளந்தான். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் சில எட்டுகள்தான்.

திரும்பும் வழியில் காரில், என்னைப் பார்க்காமலே சொன்னான்: "நீங்க போன்ல பேசுறதும் பத்தாயிரம் அடிலேர்ந்துதான்ப்பா." கொஞ்ச நேரம் கழித்து, "அக்கவுண்டன்சில ரெண்டு டெஸ்ட் ஃபெயில். சொல்லல."

பி.காம். படித்த அப்பனுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தங்கமணி கையை அழுத்தினாள். விழுங்கிக்கொண்டு, "எந்தச் சாப்டர்?" என்றேன்.

"கூட்டாளி விலகல்."

அன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து நற்பெயர் சரிக்கட்டல் கணக்கு நாலு போட்டோம். நான்காவதை அவனே போட்டான்.

இப்போதும் ஒன்பது மணிக்கு போன் உண்டு. 'படிச்சியா' கிடையாது; ஒரே ஒரு கணக்கு, இரண்டு பேரும் சேர்ந்து. சில நாள் அதுவும் காட்டில்தான் போய் விழுகிறது. போகட்டும், 85 சேர்ந்தால் போதும்.

குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்களே, நீங்கள் எத்தனை அடியிலிருந்து பேசுகிறீர்கள்?