எறங்கிருச்சா தம்பி?

ஒரு சின்ன கேள்வி பாஸ்... கடைசியா எப்போ அண்ணாந்து பார்த்தீங்க?

செல்போனைக் குனிஞ்சு பார்த்தே கழுத்து வலி வாங்குற காலத்துல இது கொஞ்சம் ஓவரான கேள்விதான். ஆனா, எந்த ஊரா இருந்தாலும் அண்ணாந்தே திரியிற நாலு பேர் இருப்பாங்க. எங்க ஒரத்தநாட்டில் அந்த நாலு பேரில் நானும் ஒருத்தன். கிரிக்கெட் ஆடும்போது மேலே விமானச் சத்தம் கேட்டா போதும்... பந்து கையைத் தேடி வந்தாலும் என் கண் வானத்தில்தான் இருக்கும். அப்படி விட்ட கேட்ச்சுகளுக்கும் வாங்கின திட்டுகளுக்கும் கணக்கே கிடையாது!

"நெல்லு விளையிற ஊர்ல பொறந்துட்டு உனக்கு எதுக்குடா ஏரோப்ளேன்?" என்று பசங்க கலாய்ப்பார்கள். நியாயமான கேள்வி. எங்க பக்கம் விமானம்னு சொன்னா, தஞ்சாவூர் பெரிய கோயில் கோபுரத்தைத்தான் கை காட்டுவாங்க. 216 அடி உயரம். ஆயிரம் வருஷமா நின்ன இடத்திலேயே நிக்கிற விமானம். அதைவிட நீளமான ஒரு விமானம் முதல் தடவையா பறந்த கதையைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

2005 ஏப்ரல் 27, புதன்கிழமை. பிளஸ் டூ பரீட்சை முடிந்து, ரிசல்ட்டுக்கு பயந்துகொண்டு வீட்டில் கிடந்த நாட்கள். பிரான்ஸ் நாட்டின் துலூஸ் நகரத்தில், ஏர்பஸ் கம்பெனியின் ஏ-380 அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பறக்கப் போகிறது. இரண்டு மாடி விமானம். நீளம் கிட்டத்தட்ட 73 மீட்டர், அதாவது 239 அடி. பெரிய கோயில் விமானத்தைப் படுக்க வைத்தாலும் இது அதைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். இறக்கையின் அகலமோ 80 மீட்டருக்குப் பக்கம்!

கேபிள் டி.வி-யில் இங்கிலீஷ் செய்தி சேனலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் அப்பாயி, முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரே திருவிழாக் கூட்டம். ஓடுபாதையைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஜனங்கள். முதல் நாள் ராத்திரியே வந்து கூடாரம் போட்டுத் தங்கியவர்களும் அதில் உண்டு. கையில் கேமரா, கழுத்தில் பைனாகுலர், தோளில் குழந்தை.

"என்னடா தம்பி, தேரா?" என்றார் அப்பாயி.

"இல்ல அப்பாயி. புது ப்ளேன். இன்னிக்குத்தான் முதல் முதலா பறக்கப் போகுது."

"இதுக்கா இம்புட்டு கூட்டம்?"

இந்தக் கூட்டம் நமக்கும் புதுசில்லைங்க. 1910-லேயே மெட்ராஸ்காரர்கள் இப்படிக் கூடி வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் என்பவர், சிம்சன் கம்பெனி உதவியோடு சொந்தமா ஒரு விமானம் செய்து, டிக்கெட் போட்டுப் பறந்து காட்டினார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருஷம்கூட ஆகாத நேரம் அது. காசு கொடுத்து வானத்தைப் பார்க்க அன்றைக்கே நம்ம ஊரில் ஆள் இருந்தது!

சரி, துலூஸுக்கு வருவோம். நம்ம கடிகாரத்தில் மதியம் இரண்டு மணி ஆக ஒரு நிமிஷம் இருந்தது. நாலு இன்ஜின்களும் உறும, அந்த வெள்ளைக் கப்பல் ஓட ஆரம்பித்தது. மொத்த எடை 421 டன். 60 கிலோ மூட்டைக் கணக்கில் ஏழாயிரம் மூட்டை நெல்! அதுவரைக்கும் உலகத்தில் எந்தப் பயணிகள் விமானமும் இவ்வளவு எடையோடு கிளம்பியதே இல்லை. மூக்கு நிமிர்ந்தது... சக்கரம் தரையை விட்டது... கூட்டம் கை தட்டியது. நான் நாற்காலி மேலே ஏறி நின்று விசிலடித்தேன். அப்பாயி முறத்தைக் கீழே வைத்துவிட்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"உள்ள எத்தனை பேருடா?"

"ஆறு பேருதான் அப்பாயி. பயணிங்க கிடையாது. சோதனை ஓட்டம். எல்லாருக்கும் பாராசூட் கொடுத்திருக்காங்க."

அவ்வளவுதான். பாராசூட் என்றால் என்னவென்று நான் விளக்கி முடிப்பதற்குள் அப்பாயி முகம் மாறிவிட்டது. "அப்ப விழுந்தாலும் விழும்னு தெரிஞ்சேதான் ஏறுனாங்களா?"

எனக்கு பதில் தெரியவில்லை. அதுவரை அப்படி யோசித்ததும் இல்லை.

யோசிச்சுப் பாருங்க. ஒரு புது விமானம் ஓடுபாதைக்கு வருவதற்கு முன்னாடியே காற்றுச் சுரங்கத்தில் அதன் மாதிரியை வைத்துப் பார்த்திருப்பார்கள். கம்ப்யூட்டரில் லட்சம் கணக்கு போட்டிருப்பார்கள். தரையிலேயே ஓடவிட்டு பிரேக் பிடித்துப் பார்த்திருப்பார்கள். ஆனாலும் அந்த இறக்கை நிஜக் காற்றை முதல் தடவை தொடும்போது என்ன ஆகும் என்பதை, யாராவது ஒருத்தர் உள்ளே உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் முதல் பறத்தலில், மேலே போன பிறகும் சக்கரத்தை உள்ளே இழுக்காமல் நீட்டியபடியே கொஞ்ச நேரம் பறப்பார்கள். உள்ளே போன சக்கரம் வெளியே வராவிட்டால்? கவலைப்பட வேண்டிய விஷயத்தில் ஒன்றைக் குறைத்துக்கொள்வதுதான் நோக்கம். ஏ-380 விமானிகள் ஜாக் ரோசே, க்ளோத் லெலே இருவரும் அன்றைக்கு அப்படித்தான் ஆரம்பித்தார்கள்.

அப்பாயி கவலைப்பட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது.

இரண்டு வருஷம் முன்னால், 2003-ல், எங்க அப்பா சிங்கப்பூருக்கு கட்டட வேலைக்குப் போனார். அவர் விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை. மீனம்பாக்கத்திலிருந்து ராத்திரி விமானம். டெல்டா பக்கத்துப் பசங்களுக்கு இது தெரியும்... தெருவுக்கு ரெண்டு வீட்டில் யாராவது சிங்கப்பூரிலோ, துபாயிலோ இருப்பார்கள். அன்றைக்கு அப்பாயி தூங்கவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து கிளம்பும் விமானம் ஒரத்தநாட்டு வழியாகப் போகாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை ஒரே கேள்வி: "எறங்கிருச்சா தம்பி?"

மறுநாள் மதியம்தான் எதிர் வீட்டுக்கு அப்பாவின் போன் வந்தது. அதுவரை அப்பாயி பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லை.

இப்போ டி.வி-யில் ஏ-380 மேகத்துக்குள் போய் மறைந்ததும் அதே கேள்வி. "எப்ப எறங்கும்?" சாயங்காலம் ஆகும் என்றேன். சரி என்று முறத்தை மறுபடி கையில் எடுத்தார். ஆனா, கண் டி.வி-யிலேயே இருந்தது. நாலரை மணிக்கு... வேற என்ன? கரன்ட் போச்சு!

ஆறு மணி வரைக்கும் வரவில்லை. அப்பாயி நச்சரிப்பு தாங்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்கு மிதித்தேன். அங்கே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்துக்கு 15 ரூபாய். பக்கம் திறக்கவே பத்து நிமிஷம். படம் மேலேயிருந்து கீழே ஒவ்வொரு கோடாக இறங்குகிறது. முதலில் வானம், அப்புறம் வால், அப்புறம் இறக்கை... கடைசியாகத்தான் தெரிந்தது, சக்கரம் தரையில் இருப்பது. 3 மணி 54 நிமிஷம் பறந்து பத்திரமாக இறங்கியிருந்தது.

நம்ப மாட்டீங்க, என் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டது. பறக்கும்போது விசிலடித்தவனுக்கு, இறங்கியது தெரிந்தபோது கண்ணில் தண்ணி.

வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். "எறங்கிருச்சு அப்பாயி. ஆறு பேரும் நல்லா இருக்காங்க." மேற்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. துலூஸில் அந்த ஜனங்கள் நாலு மணி நேரம் வெயிலில் நின்றது எதற்கு? பறக்கிறதைப் பார்க்க மட்டும் என்றால் ரெண்டே நிமிஷத்தில் வேலை முடிந்துவிட்டது. விமானம் கண்ணுக்குத் தெரியாத அந்த நாலு மணி நேரமும் அவர்கள் நின்றது, அது திரும்பி வருவதைப் பார்க்க. எங்க அப்பாயியும் திண்ணையில் உட்கார்ந்து அதையேதான் செய்தார். என்ன, அவர் கையில் பைனாகுலர் இல்லை!

எல்லா விமானமும் இறங்கிவிடுவதில்லை பாஸ்.

நம்ம நாட்டிலேயே வடிவமைத்த பயணிகள் விமானம் ஒன்று உண்டு. பெயர் 'சரஸ்'. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தின் படைப்பு. 14 பேர் உட்காரலாம். தஞ்சாவூர் மாதிரி சின்ன ஊர்களுக்கும் பறக்கலாம் என்ற கனவு. 2004 மே 29-ம் தேதி அது முதன்முதலாகப் பறந்தபோது, இங்கே நான் பேப்பரில் வந்த படத்தை வெட்டி நோட்டில் ஒட்டினேன். இரண்டாவது மாதிரி விமானம் 2007 ஏப்ரலில் பறந்தது. அந்த இரண்டாவது விமானம்தான் 2009 மார்ச் 6-ம் தேதி சோதனைக்குக் கிளம்பியது. பறக்கும்போதே ஒரு இன்ஜினை அணைத்து, மறுபடி இயக்கிப் பார்க்கும் சோதனை. பெங்களூர் பக்கத்தில் பிடதி அருகே விழுந்துவிட்டது. விமானிகள் பிரவீன், திபேஷ் ஷா, சோதனைப் பொறியாளர் இளையராஜா... மூன்று பேருமே விமானப்படை அதிகாரிகள். மூன்று பேருமே திரும்பவில்லை.

இளையராஜா என்ற பெயரைச் செய்தியில் படித்தபோது, நம்ம தெருப் பையன் ஒருத்தன் போன மாதிரி இருந்தது. நோட்டைத் திறந்து, நான் ஒட்டிய படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பாயிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பல வருஷம் சரஸ் பறக்கவே இல்லை. கதை முடிந்தது என்றார்கள். ஆனால், 2018 ஜனவரி 24 அன்று, முதல் மாதிரியையே சீர்திருத்தி மறுபடி கிளப்பினார்கள். விமானப்படையின் சோதனை விமானிகள் ஏறி உட்கார்ந்தார்கள். முன்பு என்ன நடந்தது என்று நன்றாகத் தெரிந்தேதான் உட்கார்ந்தார்கள். நாற்பது நிமிஷம். பத்திரமாக இறங்கியது. நான் அப்போது பெங்களூரில் வேலையில் இருந்தேன். விஷயமே தெரியாமல், அதே ஊரில் கம்ப்யூட்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இன்றைக்கும் அந்த வருத்தம் உண்டு.

ஏ-380 என்னாச்சு என்கிறீர்களா? அந்த முதல் நாளுக்கு அப்புறம் ஐந்து விமானங்களை 2,500 மணி நேரத்துக்கும் மேல் பறக்கவிட்டுப் பார்த்துத்தான், 2006 டிசம்பரில் பயணிகளை ஏற்ற அனுமதி கொடுத்தார்கள். முதல் விமானத்தை வாங்கியது, எங்க அப்பா வேலை பார்த்த அதே சிங்கப்பூர்! 2007 அக்டோபரில் அது சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கியது. சில வாரம் கழித்து அப்பா போன் செய்தார். "டேய், சாரத்து மேல நின்னுக்கிட்டிருந்தேன். உன் ப்ளேன் தலைக்கு மேல போச்சுடா. எம்மாம் பெருசு!" நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "எறங்கிருச்சாப்பா?" அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

உலகமே எதிர்பார்த்த அளவுக்கு ஏ-380 விற்கவில்லை. 251 விமானங்களோடு 2021-ல் தயாரிப்பை முடித்துக்கொண்டார்கள். வியாபாரக் கணக்கில் அது தோல்வி என்று சொல்லலாம். ஆனா, அன்றைக்குத் துலூஸில் நின்ற ஒருத்தரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்... அடிக்க வருவார்!

இப்போ எங்க ஊர் வானம் மாறிவிட்டது. 2020-லிருந்து தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் சுகோய் போர் விமானங்கள் இருக்கின்றன. சத்தம் கேட்டால் சின்னப் பசங்ககூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆனால், 2024 அக்டோபர் 11 சாயங்காலம் மட்டும் மொத்த டெல்டாவும் அண்ணாந்து பார்த்தது. திருச்சியிலிருந்து சார்ஜா கிளம்பிய விமானம், ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானத்தில் வட்டமடித்ததே... ஞாபகம் இருக்கிறதா? உள்ளே 140 பேருக்கு மேல். நீங்களும் அன்றைக்கு செல்போனில் அந்தக் குட்டி மஞ்சள் விமானம் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு தமிழ்நாடே விமான ரசிகர் மன்றம்தான்!

ஊரிலிருந்து அம்மா போன் செய்தார். அப்பாயி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனா, கேள்வி அப்படியே இருந்தது. "எறங்கிருச்சாடா?" எட்டே கால் மணி வாக்கில், "எறங்கிருச்சும்மா" என்றேன். அந்தப் பக்கம் பெருமூச்சு. அந்த விமானத்தில் எங்க சொந்தக்காரர் யாருமே கிடையாது.

கடைசியா ஒண்ணு. லீவு முடிந்து ஹாஸ்டலுக்குக் கிளம்புகிறீர்கள். இன்டர்வியூவுக்கு முதல் தடவையா தனியா வேற ஊருக்குப் போகிறீர்கள். பஸ் ஸ்டாண்டில் கையாட்டிவிட்டு வீட்டுக்குப் போன ஆள், வேலையைப் பார்க்கப் போய்விட்டதாகத்தானே நினைக்கிறீர்கள்? இல்லை பாஸ். முறம் கையில் இருக்கும், கண் வேறெங்கோ இருக்கும்.

போய்ச் சேர்ந்ததும், பசங்களோட டீக்கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, ஒரு போன் போட்டுடுங்க.

"எறங்கிட்டேம்மா."