ஒரு வாரத்துப் பாட்டி

ஃப்ளோரிடாவில் ஓய்வுகாலத்தைக் கழிக்கும் அந்தத் தாத்தா பாட்டிக்கு வருடத்தில் ஒரே பண்டிகை அக்டோபர் கடைசி வாரம்தான். பாஸ்டன் பக்கத்தில் மகள் வீடு, பேரன், பேத்தி. நவம்பர் நாலாவது வியாழன் வரும் நன்றி நவிலல் நாளுக்குப் போகலாமே என்றால், அது மருமகன் வீட்டாரின் முறை. டிக்கெட் விலையும் எகிறிவிடும். பண்டிகையைப் பங்கு பிரிப்பதில் எல்லா ஊர் சம்பந்திகளும் ஒன்றுதான் போலிருக்கிறது!

ஹாலோவீனுக்கு முந்தைய நாட்கள் ஊர் சுற்றத்தான். பகல் குறைந்து குளிர் வரவும் இலையில் பச்சையம் உடைகிறது. அதுவரை ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது, மேப்பிளின் சிவப்பு மட்டும் அப்போதுதான் புதிதாக உண்டாகிறது. தாத்தா இதை விளக்கினால், பேரன் அதைப் பள்ளியில் போன வாரமே படித்துவிட்டானாம். பாவம் தாத்தா.

ஒரு நாள் சேலம். (நம்ம சேலம் இல்லை!) அக்டோபரில் அங்கே காரை நிறுத்த இடம் கிடைக்காது, பாஸ்டனிலிருந்து ரயில்தான் உத்தமம். 1692-ல் சூனியக்காரர்கள் என்று சொல்லி 19 பேரைத் தூக்கிலிட்டு, ஒரு கிழவரைக் கல்லால் நசுக்கிக் கொன்ற ஊர். இன்று சூனியக்காரித் தொப்பி விற்றுப் பிழைக்கிறது. போலீஸ் சின்னத்தில்கூட சூனியக்காரிதான். வியாபாரம் எதையும் விட்டுவைப்பதில்லை. ஆனால் 1992-ல் வைத்த நினைவிடத்தில் இறந்தவர்களின் பெயர் பொறித்த கருங்கல் பெஞ்சுகள் இருக்கின்றன. அங்கே பேத்தி ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள், சுற்றிலும் பாப்கார்ன் சத்தம்.

சரி, ஹாலோவீனுக்கு வருவோம். பேரனுக்கு வேர்க்கடலை ஆகாது. நாலு வருடத்துக்கு முன்னால், "ஒரு துண்டுதானே" என்று பாட்டி கொடுத்த பிஸ்கட் அவனை எமர்ஜென்ஸி வரை கொண்டுபோனது. பிழைத்துவிட்டான். அன்றிலிருந்து ஹாலோவீன் ராத்திரி மகள் லீவு போட்டுவிடுவாள். அம்மாவிடம் எதுவும் சொன்னதில்லை. சொல்லாததுதான் பாட்டிக்குக் கஷ்டம்.

இந்த வருடம் மகளுக்கு லீவு கிடைக்கவில்லை, மருமகனும் வெளியூர். பாட்டியிடம் எபிபென்னைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். ஊசியில்லாத பயிற்சிப் பேனாவைப் பாட்டி மூன்று நாளாகத் தன் தொடையிலேயே அழுத்திப் பழகியிருக்கிறாள்: வெளிப்பக்கத் தொடை, அவசரத்தில் பேண்ட் மேலேயே குத்தலாம், உடனே 911.

மிட்டாயில் விஷம், பிளேடு என்று வருடாவருடம் ஒரு பீதி கிளம்பும். முன்பின் தெரியாதவர் இப்படி விஷம் வைத்துக் குழந்தை இறந்ததாக உறுதியான கேஸ் ஒன்றுகூடத் தனக்குக் கிடைக்கவில்லை என்கிறார், பல பத்தாண்டுச் செய்திகளை அலசிய சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட். வேர்க்கடலை ஆபத்து அப்படிக் கட்டுக்கதை இல்லை. குட்டி சைஸ் மிட்டாய்களில் பல சமயம் என்னென்ன சேர்த்தது என்றே அச்சடித்திருக்காது. பெரிய சைஸில் இல்லாதது குட்டியில் இருக்கவும் கூடும். அதனால்தான் சில வீட்டு வாசலில் நீலப்பச்சை வண்ணத்தில் ஒரு பூசணிக்காய் இருக்கும்; இங்கே தின்பண்டம் அல்லாத பரிசும் உண்டு என்று அர்த்தம். 2014-லிருந்து நாடு முழுக்கப் பரவிய வழக்கம் இது.

சுற்றிவிட்டு வந்ததும் கூடத்தில் சந்தை கூடுகிறது. கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பாட்டி ஒவ்வொரு உறையாகப் படிக்கிறாள். விவரம் அச்சடிக்காதது எதுவானாலும் தனிப் பையில். பேரன் பொறுமையாகத்தான் உட்கார்ந்திருக்கிறான், போன வருடம் அம்மாவிடம் காட்டாத பொறுமை. தன் பையிலிருந்து விலக்கியதற்கெல்லாம் ஈடாகத் தங்கையிடம் பழமிட்டாய் வாங்குகிறான். ஒரு ஸ்னிக்கர்ஸுக்கு இரண்டு. விலை ரொம்ப அதிகம் என்று தங்கை அழுகிறாள். கடைசியில் கடலை மிட்டாய்ப் பை மொத்தத்தையும் தாத்தா ஐந்து டாலருக்கு வாங்கிக்கொள்கிறார்.

ராத்திரி பத்தரைக்கு மகள் வரும்போது தாத்தா வெளியே தன் வாடகைக் காரில் உட்கார்ந்து ஸ்னிக்கர்ஸ் தின்றுகொண்டிருக்கிறார். வீட்டுக்குள் அதைப் பிரிக்கக் கூடாது என்று பாட்டி உத்தரவு. உள்ளே போனதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டுமாம், வெறும் சானிடைசர் போதாதாம். மகள் சிரித்துக்கொண்டே கார் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கும் ஒன்று கேட்கிறாள்.