பாலத்தில் விற்ற வசை

பாரிஸுக்குச் செல்பவர்கள் ஸீன் நதியின் மீதுள்ள போன் நெஃப் பாலத்தைக் காணாமல் திரும்புவதில்லை. 'புதுப் பாலம்' என்று பெயர். ஆனால் 1607-ல் கட்டி முடிந்த இதுவே அங்கு இன்றுள்ள பாலங்களில் பழமையானது. மாலை வெயிலில் பிரயாணிகள் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நமது மனம் மட்டும் 1649-ஆம் வருஷத்துக்குச் சென்றுவிட்டது.

அந்நாளில் இங்கே கூவி விற்ற சரக்கு, ஆசிரியர் பெயரில்லாத துண்டுப் பிரசுரங்கள். அரசன் பதினான்காம் லூயி சிறுவன். ஆட்சி தாயார் ஆன் ராணியிடம் இருந்தது. ராணியின் பூரண நம்பிக்கையைப் பெற்று ராஜ்யத்தை நடத்தியவர் இத்தாலியில் பிறந்த கார்டினல் மஸாரன். யுத்தச் செலவுக்காக வரிமேல் வரி விழுந்தது. ஜனங்களின் ஆத்திரம் அவர்மீது திரும்பிற்று. 1648 முதல் 1653 வரை சுமார் 5,000 பிரசுரங்கள் வெளிவந்தன. அந்நியன், கொள்ளைக்காரன், ராணியின் கள்ளக் காதலன் என்று வசைகள் பறந்தன. ராணியை இழிவுபடுத்தி அச்சிட்ட மொர்லோ என்பவருக்கு 1649 ஜூலையில் தூக்குத் தண்டனை கிடைத்தது. ஜனத்திரள் புகுந்து அவரை மீட்டுக்கொண்டு போயிற்று!

பாலத்தின் தென்கரையில் இறங்கி மேற்கே சிறிது தூரம் நடந்தால் மஸாரன் நூலகம். அவர் சுமார் 40,000 நூல்கள் சேர்த்துக் கல்விமான்களுக்குத் திறந்துவிட்டிருந்தார். 1651 டிசம்பரில் பாரிஸின் உயர் நியாயஸ்தலம், அந்நூல்களை விற்று, அவர் தலையைக் கொணர்பவருக்கு 1,50,000 லிவர் கொடுக்கக் கட்டளையிட்டது. நூல்கள் சிதறின, தலை தப்பியது. 1653-ல் மஸாரன் வெற்றியுடன் திரும்பி, நூலகத்தையும் மீண்டும் சேர்த்தார்.

இன்று அவரைத் தூற்றிய பிரசுரங்களை ஆயிரக்கணக்கில் பாதுகாப்பது அதே நூலகந்தான்! பசித்தவனின் முறையீடும் வெறும் அவதூறும் அங்கே ஒன்றாகவே கிடக்கின்றன. பெயர் போட்டால் தலை போகும் காலத்தில் பெயரின்றி எழுதியதைக் கோழைத்தனம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆயினும், பெயரில்லாதவனைப் பொய்க்குப் பொறுப்பாக்குவது யார்?

பள்ளி ஆசிரியராகிய நமக்கு மொட்டைக் கடிதம் புதிதல்ல. நம்மைப் பற்றி ஒரு சமயம் வந்ததைப் படித்த மாத்திரத்தில் கிழித்தெறிந்தோம். அதில் பாதி பொய்தான். மற்றப் பாதிக்காகவேனும் அதை வைத்திருக்கலாமே என்று அந்தக் கட்டிடத்தின் வாசற்படியில் தோன்றிற்று.